வேரில் விழுந்த முடிச்சு

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு



இவ்வாண்டு மலருக்கு எங்கள் வகுப்பிலிருந்து ஓர் அறிவியல் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது விண்வெளி, கணினி, சூரிய ஆற்றல் என்று பல தலைப்புகள் வந்தன. ஆனால் நாங்கள் எழுதியே தீர வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. அது எங்கள் பள்ளித் தோட்டத்து மண்ணுக்குள் இருக்கிறது. உங்களில் சிலருடைய வீட்டுத் தொட்டிகளிலும் இப்போது இருக்கக்கூடும். அதை அங்கே அனுப்பி வைத்தவர்கள் நாங்களே. ஆகையால் இக்கட்டுரையைத் தயவுசெய்து இறுதிவரை படிக்க வேண்டுகிறோம்.

வாடிய செடிகளும் எங்கள் அவசரமும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் விடுதிச் சமையலறைக்குப் பின்னால், கிணற்றடியை ஒட்டியுள்ள பாத்திகள் எங்கள் வகுப்பிடம் ஒப்படைக்கப்பட்டன. மூன்று ஆண்டுகளாகக் கத்தரி விளைந்த பாத்தி ஒன்றைக் கொத்தி, அதையே நாற்றங்கால் ஆக்கினோம். தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளைத் தூவினோம். நாற்றுகள் பச்சைப் பசேலென்று வந்தன. 60 தக்காளி நாற்றுகளை எங்கள் பாத்திகளில் நட்டோம். மீதி இருந்தவற்றைப் பெற்றோர் தினத்தன்று வாழை நாரால் சிறு கட்டுகளாகக் கட்டி விற்றோம். கிடைத்த பணம் சீருடை நிதிக்குச் சென்றது. எல்லாரும் பாராட்டினார்கள். நாங்களும் பெருமையோடு நின்றோம்.

செப்டம்பர் இறுதியில் தக்காளிச் செடிகள் நண்பகலில் தலை தொங்கத் தொடங்கின. மாலையில் சற்று நிமிரும். மறுநாள் மீண்டும் தொங்கும். இலைகள் வெளிறின. பூக்கள் உதிர்ந்தன. பிடித்த காய்களும் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிட்டன. நாங்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்தோம். தோட்டக்காரத் தாத்தா விடுமுறை நாள்களில் தண்ணீர் ஊற்றுவதில்லை என்பதே அந்த முடிவு. சிஸ்டரிடம் போய் அப்படியே சொல்லியும் விட்டோம். தாத்தா எங்களோடு வாதாடவில்லை. “ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி, மண்ணத் தொட்டுப் பாருங்க” என்று மட்டும் சொன்னார். நாங்கள் தொட்டுப் பார்க்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கதைதான் எங்கள் கதையும்.

ஒரு வாரம் சென்றபின் எங்கள் அறிவியல் ஆசிரியை, முற்றும் வாடிய ஒரு செடியை வேரோடு தோண்டி எடுக்கச் சொன்னார். பிடுங்கினால் வேர் அறுந்துவிடும் என்பதால் மண்வெட்டியால் சுற்றிலும் கொத்தி எடுத்தோம். அடிமண் ஈரமாகவே இருந்தது! வேரை வாளித் தண்ணீரில் அலசினோம். நூல் போல் இருக்க வேண்டிய வேர்களில், பாசிமணி கோத்தாற்போல் வரிசையாக முடிச்சுகள். சில கடுகளவு, சில கொண்டைக்கடலை அளவு.

எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. அவரைக் குடும்பத் தாவரங்களின் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகிறது என்று பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? “டீச்சர்! வேர்முடிச்சு! நைட்ரஜன்!” என்று கூவினோம். டீச்சர் கூவவில்லை. “தக்காளி எந்தக் குடும்பம்?” என்று மட்டும் கேட்டார். எங்கள் வாய் அடைத்துவிட்டது. தக்காளி கத்தரிக் குடும்பம். அவரைக் குடும்பம் அல்லவே!

பெயர் ஒன்று, பொருள் இரண்டு

அதே பாத்தியின் ஓரத்தில் தட்டைப்பயறு போட்டிருந்தோம். அதிலும் ஒரு செடியைத் தோண்டச் சொன்னார் டீச்சர். அந்த ஒரே வேரில் இருவகை முடிச்சுகளையும் கண்டோம்.

ஒருவகை முடிச்சு, வேரின் பக்கவாட்டில் மணி ஒட்டினாற்போல் இருந்தது. விரலால் தள்ளியதும் உதிர்ந்தது. பிளேடால் வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் போன்ற லெக்ஹீமோகுளோபின் என்ற பொருளே அந்நிறத்துக்குக் காரணம். இதுதான் ரைசோபியம் வாழும் நல்ல முடிச்சு.

மற்றொரு வகை, வேரின் மீது ஒட்டியது அன்று; வேரே வீங்கியது. தள்ளினால் உதிராது, பிய்த்தால் வேரும் சேர்ந்து அறும். வெட்டினால் உள்ளே வெளிறிய நிறம். இதுதான் வேர்முடிச்சு நூற்புழு உண்டாக்கும் வீக்கம். இரண்டையும் முடிச்சு என்றே அழைப்பதால்தான் எங்களுக்கு மயக்கம் ஏற்பட்டது. இந்த இரண்டு சோதனைகளை அறிந்தவர்களுக்கு அம்மயக்கம் வராது.

பிறகு டீச்சர் ஒரு முடிச்சை ஊசியால் மெல்லக் கீறி, கைலென்சின் கீழ் வைத்தார். முத்துப் போன்ற, பேரிக்காய் வடிவான, பளபளக்கும் வெண்ணிறப் பொருள் ஒன்று தெரிந்தது. ஊசி முனையைவிடச் சற்றே பெரிது. ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதுவே பெண் நூற்புழு. எங்கள் 60 செடிகளை வாட்டியது இதுதானா என்று நம்ப முடியாமல் ஒருத்தி மாற்றி ஒருத்தி பார்த்தோம்.

யார் இந்த நூற்புழு?

நூற்புழுக்கள் என்பவை உருளைப்புழுத் தொகுதியைச் சேர்ந்தவை. மனிதர் குடலில் வாழும் நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு, யானைக்கால் நோய்க்குக் காரணமான புழு ஆகியவை இவற்றின் உறவினர்கள். அதற்காக இக்கூட்டம் முழுவதையும் வெறுத்துவிடக் கூடாது. மண்ணில் வாழும் நூற்புழுக்களில் பெரும்பாலானவை பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று, மண்ணை வளமாக்க உதவுகின்றன. அத்தகைய ஓர் எளிய புழுவைக் கொண்டு உறுப்புகள் எவ்வாறு வளர்கின்றன என ஆராய்ந்ததற்காகவே சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் ஆகிய மூவருக்கும் 2002-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நாம் பேசும் வேர்முடிச்சுப் புழுவை முதன்முதலில் கண்டு எழுதியவர் ஒரு குருவானவர் என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அவர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த மைல்ஸ் ஜோசப் பெர்க்லி. அயர்லாந்தைப் பட்டினியில் ஆழ்த்திய உருளைக்கிழங்கு நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்று 1846-இல் எடுத்துரைத்தவரும் இவரே. 1855-ஆம் ஆண்டு, கண்ணாடி வீட்டில் வளர்ந்த வெள்ளரிச் செடிகளின் வேர்களில் முடிச்சுகளையும் அவற்றுக்குள் புழுக்களையும் அவர் கண்டார்.

அதன்பின் 1887-இல், சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரேசில் நாட்டில் பணிபுரிந்த எமில் கேல்டி, அங்கே காப்பிச் செடிகள் பட்டுப்போவதன் காரணத்தை ஆராய்ந்தார். காப்பி வேர்களில் இதே புழுவைக் கண்டு, ‘மெலாய்டோகைன்’ எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்கு ‘ஆப்பிள் வடிவப் பெண்’ என்பது பொருள். 1949-இல் அமெரிக்காவைச் சேர்ந்த சிட்வுட், ஒரே புழு என்று பலரும் கருதி வந்ததைப் பல சிற்றினங்களாகப் பிரித்துக் காட்டினார். இன்று ஏறத்தாழ 100 சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் இன்காக்னிடா, ஜவானிகா, அரனேரியா, ஹாப்லா என்னும் நான்கும் உலகெங்கும் பெருஞ்சேதம் விளைப்பவை.

நம் நாட்டில் இப்புழுவைப் பற்றிய முதற்குறிப்பு நம் மாநிலத்திலிருந்தே கிடைத்தது. 1901-இல் நீலகிரியில் தேவாலா என்னுமிடத்துத் தேயிலைச் செடிகளில் இதைக் கண்டு எழுதியவர் சி. ஏ. பார்பர். பின்னர் கோயம்புத்தூரில் கரும்பு இன ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவரும் அவரே.

இன்காக்னிடா என்னும் பெயருக்குப் பின்னால் ஒரு சுவையான கதை உண்டு. 1919-இல் அமெரிக்காவில் படைவீரர்களின் மலத்தைச் சோதித்தபோது அதுவரை காணாத புழு முட்டைகள் தென்பட்டன. மனிதரைப் பற்றும் புதிய புழு என்று எண்ணி, ‘அறியப்படாதது’ எனப் பொருள்படும் அப்பெயரை இட்டனர். 1923-இல் உண்மை வெளிப்பட்டது. அவர்கள் உண்ட காய்கறி வேர்களோடு வயிற்றுக்குள் போய், எந்தத் தீங்கும் செய்யாமல் வெளியேறிய வேர்முடிச்சுப் புழுவின் முட்டைகளே அவை! ஆகவே பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. இப்புழு மனிதரைப் பற்றாது. பாதிக்கப்பட்ட செடியின் காயை உண்பதால் ஒரு தீங்கும் இல்லை.

ஒரு மாத வாழ்க்கை

பெண் புழு தன் முட்டைகளைக் கூழ் போன்ற ஒரு பையில் இடுகிறது. ஒரு பையில் சில நூறு முட்டைகள் இருக்கும். அக்கூழ் முட்டைகள் உலர்ந்து போகாமல் காக்கிறது. முட்டைக்குள்ளேயே இளம்புழு ஒரு முறை தோலுரித்து, இரண்டாம் பருவத்தில் வெளிவருகிறது. அப்போது அதன் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மண் துகள்களைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்தி வேரைத் தேடுகிறது. நாற்புறமும் இருளாக இருந்தாலும், வேர் வெளியிடும் பொருள்களை உணர்ந்து அது வழியறிகிறது.

வேர்நுனியை அடைந்ததும், வேர்மூடிக்குச் சற்று மேலே, இளஞ்செல்கள் நீளும் பகுதியில் அது நுழைகிறது. அதன் வாயில் ஊசி போன்ற உறுப்பு ஒன்று உண்டு. செல்களுக்கு இடையில் ஊர்ந்து, நீரையும் உணவையும் கடத்தும் சைலம், ஃபுளோயம் திசுக்கள் உருவாகும் நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே நிலையாகத் தங்கிவிடுகிறது. தலையைச் சுற்றியுள்ள ஐந்தாறு செல்களுக்குள் ஊசியைச் செலுத்தித் தன் சுரப்புகளைப் பாய்ச்சுகிறது.

அச்செல்களைப் புழு கொன்று தின்றுவிடுகிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்படியன்று. அந்தச் செல்கள் இரண்டாகப் பிரியாமலேயே அவற்றின் உட்கரு மட்டும் மீண்டும் மீண்டும் பிரிகிறது. ஒரு செல்லுக்குள் பல பத்து உட்கருக்கள் சேர்ந்து, அது பூதாகாரமாகப் பருக்கிறது. இவற்றை இராட்சதச் செல்கள் என்கிறார்கள். செடி தன் இலையில் சமைத்த உணவை இவற்றுக்கு அள்ளி அள்ளி அனுப்புகிறது. புழு உட்கார்ந்த இடத்திலேயே உறிஞ்சிக் கொழுக்கிறது. சுற்றியுள்ள செல்களும் பெருகுவதால் வேர் வீங்கி முடிச்சாகிறது. அதாவது, முடிச்சைக் கட்டுவது புழு அன்று. புழுவின் ஏவலுக்கு ஆட்பட்ட செடியே கட்டுகிறது.

ஓரிடத்தில் தங்கிவிட்ட புழுவுக்கு இனி நடமாட்டம் கிடையாது. ஊர்வதற்கான தசைகளே நலிந்துவிடும். மேலும் மூன்று முறை தோலுரித்து அது பேரிக்காய் வடிவப் பெண்ணாகிறது. இன்காக்னிடா சிற்றினத்தில் ஆண் புழுவின் துணை இல்லாமலேயே முட்டைகள் உண்டாகின்றன. வேரில் நெருக்கடி மிகுந்து உணவு குறையும்போது மட்டும் ஆண் புழுக்கள் அதிகமாகத் தோன்றி, மீண்டும் நூல் வடிவெடுத்து வேரைவிட்டு வெளியேறிவிடும். ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இத்தனையும் நடந்து முடிய ஒரு மாதம்கூட ஆவதில்லை.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு பெண் புழு 300 முட்டைகள் இடுவதாகவும், பத்தில் ஒன்று மட்டுமே பிழைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். முதல் மாத முடிவில் 30 புழுக்கள். இரண்டாம் மாத முடிவில் 900. மூன்றாம் மாத முடிவில் 27,000! தக்காளிச் செடி மூன்று நான்கு மாதங்கள் நிற்கிறது. வேரில் ஏன் இத்தனை முடிச்சுகள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

தண்ணீர் இருந்தும் தாகம்

முடிச்சு விழுந்த இடத்தில் நீர் ஏறும் குழாய்கள் நெளிந்து, நசுங்கி, தடைபடுகின்றன. வேர்நுனிகள் வளர்ச்சியின்றி நிற்கின்றன. எனவே மண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் அது இலைக்குப் போய்ச் சேர்வதில்லை. வெயில் ஏறும் நண்பகலில் செடி வாடுவதும், வெயில் தாழ்ந்ததும் ஓரளவு தேறுவதும் இதனால்தான். தழைச்சத்து குறைந்ததுபோல் இலை வெளிறுவதும் இதனால்தான். உரம் இட்டாலும் தண்ணீர் ஊற்றினாலும் பயன் இருக்காது.

அதுமட்டுமன்று. ஓட்டை விழுந்த வீட்டுக்குள் ஊரார் எல்லாரும் நுழைவதுபோல், புழு புகுந்த வேரில் வாடல் நோய்ப் பூஞ்சையும் பாக்டீரியாவும் எளிதாக நுழைகின்றன. 1892-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அட்கின்சன் என்பவர் பருத்தியில் இந்தக் கூட்டுச் சதியைக் கண்டு எழுதியிருக்கிறார்.

எவையெவை பாதிக்கப்படும்?

இந்தப் புழுவுக்கு உணவில் பாகுபாடு மிகக் குறைவு. 2,000-க்கும் மேற்பட்ட தாவர வகைகளை வேர்முடிச்சுப் புழுக்கள் பற்றுகின்றன. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பாகல், புடல், வெள்ளரி, கேரட், பயறு வகைகள், வெற்றிலை, மஞ்சள், இஞ்சி, மிளகு, வாழை, பருத்தி, புகையிலை, சம்பங்கி என்று பட்டியல் நீளும். நெல்லையும் விடாத சிற்றினம் ஒன்று உண்டு. அதன் பெயர் கிராமினிகோலா. அது பற்றிய நெல்லின் வேர்நுனி தூண்டில் முள்போல் வளைந்து வீங்கியிருக்கும்.

எங்கள் பள்ளியிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் உள்ள ஆயக்குடி கொய்யாவுக்குப் பேர்போன ஊர். அங்கே கொய்யா மரங்களில் எண்டரோலோபி என்னும் சிற்றினம் காணப்பட்டதாக 2016-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை தெரிவிக்கிறது. இந்தியாவில் அதுவே இச்சிற்றினத்தின் முதற்பதிவு. சீனாவின் ஹைனான் தீவில் கண்டு 1983-இல் பெயரிடப்பட்ட புழு அது. தக்காளியைப் பிடுங்கிவிட்டு அடுத்த ஆண்டு வேறொன்றை நடலாம். பல ஆண்டுகள் வளர்த்த கொய்யா மரம் காய்ந்தால் ஒரு குடும்பத்தின் வருமானமே போய்விடும். எங்கள் வகுப்பிலேயே கொய்யாத் தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த வரியை எழுதும்போது அவர்கள் சிரிக்கவில்லை.

எப்படிப் பரவுகிறது?

நூற்புழு தானாக ஓர் ஆண்டில் ஒரு மீட்டர் தொலைவுகூட நகர்வது அரிது. ஆயினும் அது ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு செல்கிறது. எப்படி? நாம்தான் சுமந்து செல்கிறோம். மண்வெட்டியில் ஒட்டிய சேற்றில், செருப்படியில், பாத்தி விட்டுப் பாத்தி பாயும் நீரில், எல்லாவற்றுக்கும் மேலாக நாற்றின் வேரிலும் அதோடு வரும் மண்ணிலும் அது பயணம் செய்கிறது. விதையின் மூலம் பரவுவதில்லை. எங்கள் விதையில் குற்றமில்லை. மூன்று ஆண்டுகள் கத்தரி நின்ற அதே மண்ணை நாற்றங்கால் ஆக்கியதில்தான் குற்றம்.

இதைக் கேட்டதும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது, பெற்றோர் தினத்தன்று வாழை நாரால் கட்டிக் கொடுத்த நாற்றுக் கட்டுகளே. அன்று மாலை யாரும் அதிகம் பேசவில்லை.

என்ன செய்யலாம்?

ஒருமுறை மண்ணில் குடியேறிய நூற்புழுவை அறவே ஒழிப்பது கடினம். குறைத்து வைக்க முடியும்.

முதலில் இரசாயன மருந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி 1950-களிலிருந்து பல நாடுகளில் மண்ணில் செலுத்தப்பட்டது. விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் 1977-இல், அதைத் தயாரித்த கலிபோர்னியாத் தொழிற்சாலை ஒன்றின் ஆண் தொழிலாளர்கள் பலர் பிள்ளைப்பேறு இழந்தது தெரியவந்தது. 1979-இல் அமெரிக்கா பெரும்பாலான பயன்பாடுகளுக்கு அதைத் தடை செய்தது. புழுவைக் கொல்லும் நஞ்சு மனிதரை மட்டும் விட்டுவைக்கும் என்று எண்ணியது பிழை. ஆகையால் பள்ளித் தோட்டத்தில் மருந்து வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது, வெயில். 1976-இல் இஸ்ரேல் நாட்டின் யாக்கோவ் கட்டான் என்பவரும் அவர் குழுவினரும் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். கோடையில் மண்ணை நன்கு கொத்தி, நனைத்து, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணிட்டு அடைத்து நான்கு முதல் ஆறு வாரங்கள் விட்டுவிட வேண்டும். உள்ளே வெப்பம் ஏறி மேல்மண்ணிலுள்ள புழுக்களும் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் மடிகின்றன. கறுப்புத் தாளைவிட நிறமற்ற தாளே நல்லது. நம் சித்திரை வெயிலுக்கு இதைவிட நல்ல வேலை வேறென்ன இருக்கிறது?

மூன்றாவது, பூ. செண்டுமல்லியை, அதாவது துலுக்கச் சாமந்தியை, நம் பாட்டிமார் காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் நடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1958-இல் நெதர்லாந்து அறிஞர்கள், அதன் வேரில் நூற்புழுக்களைக் கொல்லும் பொருள் இருப்பதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஆனால் ஓரத்தில் நான்கு செடி நட்டால் போதாது. பாத்தி முழுவதும் சில மாதங்கள் செண்டுமல்லியே நிற்க வேண்டும். அப்போதுதான் பயன் நன்கு தெரியும்.

நான்காவது, பயிர் மாற்றம். கத்தரிக்குப் பின் தக்காளி, தக்காளிக்குப் பின் வெண்டை என்று போடுவது புழுவுக்கு மூன்று வேளையும் விருந்து வைப்பதாகும். இடையே சணப்பை போன்ற, இப்புழு பெருக இடந்தராத பயிரை விதைத்து மடக்கி உழலாம். வேப்பம் புண்ணாக்கும் நன்கு மக்கிய தொழுவுரமும் இட்டால் புழுக்கள் குறையும். அவற்றை உண்ணும் நல்ல நுண்ணுயிர்களும் பெருகும்.

ஐந்தாவது, புழுவுக்குப் பகைவர்கள். பர்பூரியோசிலியம் என்னும் பூஞ்சை முட்டைகளைத் துளைத்து அழிக்கிறது. 1979-இல் பெரு நாட்டில் உருளைக்கிழங்கு வேரிலிருந்த முட்டைகளில் இதைக் கண்டறிந்தார்கள். பாஸ்டூரியா என்னும் பாக்டீரியாவின் வித்துகள் புழுவின் தோலில் ஒட்டிக்கொண்டு உள்ளே வளர்ந்து, பெண் புழுவை முட்டையிட முடியாமல் செய்துவிடுகின்றன.

ஆறாவது, எதிர்ப்புச் சக்தி உள்ள இரகங்கள். தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளி ஒன்றுக்கு இப்புழுவை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. 1944-இல் கலிபோர்னியாவில் ஸ்மித் என்பவர் அதையும் நாட்டுத் தக்காளியையும் இணைத்து, பிழைக்காமல் போகவிருந்த கருவைச் சோதனைக் குழாயில் வளர்த்துக் காப்பாற்றினார். இன்று உலகெங்கும் எதிர்ப்புச் சக்தியுள்ள தக்காளிகளில் பல அந்தக் கலப்பின் வழிவந்தவையே. அந்த ஆற்றலைத் தரும் மரபணுவுக்கு ‘எம்ஐ’ என்று பெயர். ஆனால் மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே நம் ஊர்க் கோடையில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நாங்கள் செய்தவையும் வேண்டுவதும்

எங்கள் 60 செடிகளையும் ஒவ்வொன்றாகத் தோண்டினோம். 43 செடிகளில் முடிச்சுகள் இருந்தன. வேர்த்துண்டுகளையும் பொறுக்கி எடுத்து, வெயிலில் உலர்த்தி எரித்தோம். குப்பைக் குழியில் போடப் போனவர்களை டீச்சர் தடுத்திருக்காவிட்டால், அடுத்த ஆண்டு எல்லாப் பாத்திகளுக்கும் எருவோடு சேர்த்துப் புழுவையும் பரிமாறியிருப்போம். இப்போது அப்பாத்திகளில் செண்டுமல்லி பூத்திருக்கிறது. மாதா கெபிக்கு வைக்கும் பூச்சரம் சில நாள்களாக அங்கிருந்துதான் வருகிறது.

தோட்டக்காரத் தாத்தாவிடம் வகுப்பு முழுவதும் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர், “அதுக்கென்ன தாயி, வேரு உள்ள இருக்கு, யாருக்குத் தெரியும்?” என்றார். சிஸ்டரிடமும் எங்கள் புகார் தவறு என்று சொல்லிவிட்டோம். முதலில் மண்ணைத் தொட்டுப் பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே உண்மை தெரிந்திருக்கும். ஒரு பெரியவரின் மனமும் நொந்திராது.

பெற்றோர் தினத்தன்று எங்களிடம் நாற்று வாங்கிய பெற்றோரே! உங்களுக்கு எங்கள் பணிவான வேண்டுகோள். அந்தச் செடி இன்னும் இருந்தால், ஒன்றைக் கெல்லி வேரை அலசிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். தொட்டி மண்ணை வேறு பாத்தியில் கொட்டாதீர்கள். கொய்யாத் தோட்டத்துக்கு அருகில் நட்டிருந்தால் மறக்காமல் பாருங்கள். செடி முன்பே பட்டுப்போயிருந்தால், அந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி நான்கைந்து தக்காளி விதைகளை முளைக்க விடுங்கள். ஐந்தாறு வாரம் கழித்து வேரைப் பார்த்தால் மண்ணின் நிலை விளங்கிவிடும். ஐயம் இருந்தால் உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள்.

ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே! இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்போம். பின்பு பள்ளியைவிட்டே போய்விடுவோம். தோட்டம் உங்களுக்கு வரும். ஏப்ரல் மாதத்தில் செண்டுமல்லியை மடக்கிக் கொத்தி, மண்ணை நனைத்து, பாலிதீன் தாளால் மூடிவிடுங்கள். தாள் வாங்க நாற்று விற்ற பணத்திலிருந்து ஒரு பகுதியைத் தருவதாகச் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். விடுமுறையில் காற்றடித்துத் தாள் விலகாமல் பார்த்துக்கொள்வதாகத் தாத்தா ஒத்துக்கொண்டிருக்கிறார். ஜூன் மாதம் புதிய மண்ணில், கத்தரி நிற்காத இடத்தில் நாற்றங்கால் போடுங்கள். நாற்று விற்பதற்குமுன் ஒவ்வொரு கட்டிலும் இரண்டு நாற்றின் வேரை அலசிப் பாருங்கள்.

செடி வாடினால், மேலே பார்த்து யாரையும் குறை சொல்லாதீர்கள். முதலில் வேரைப் பாருங்கள்.